வெண்குட்டம் குட்டமா?

கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூரிலே மும்மொழிகள் வழங்குதலை அன்பர்கள் அறிவர். தோல் நிறமிழந்து வெளுத்த திட்டினை ஆங்குத் தமிழர் வெண்குட்டம் என்பர். கன்னடர் தொன்னு என்பர். தெலுங்கர் பொல்லி என்பர். இம்மூன்றனுள் நம் தமிழ்ச்சொல்லே பெருந்தீங்கு விளைப்பதாம். குட்டம் என்பது தொழுநோயைக் குறிக்கும். இவ்வெண்மையோ தொழுநோயும் அன்று, தொற்றுவதும் அன்று. பெயரில் ஒட்டிய ஒரு சொல்லால் மணம் தடைப்பட்ட மகளிர் பலர்.

மருத்துவர் இதனை எங்ஙனம் துணிவர்? திட்டின்மீது பஞ்சு நுனியால் தொடுங்கால் நோயாளி உணராராயின் தொழுநோயென ஐயுறுவர். வெண்குட்டத்தில் உணர்ச்சி கெடுவதில்லை. ஐயம் தீராவிடத்து, அவ்விடத்தை மரக்கச் செய்து, தோலினின்று சிறு துணுக்கொன்றை அரிந்தெடுப்பர். அதனைப் பார்மலினில் இட்டு, மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 5 கூறே கனமுள்ள ஏடுகளாகச் சீவிச் சாயந்தோய்த்து நுண்ணோக்கியில் நோக்குவர்.

தொழுநோயாயின் முதற்கண் நரம்பே காட்டிக்கொடுக்கும். வேறு சில நோய்களும் தோலில் அணுத்திரள்களை உண்டாக்குமேனும், நரம்பினுட் புகுந்து அதனைச் சிதைப்பது இந்நோயின் தனி அடையாளம். 1873இல் ஹான்சன் கண்ட கிருமி, சிலரிடத்துத் தேடியும் அகப்படாது. சிலரிடத்து நுரைபோன்ற அணுக்களிற் கூட்டங்கூட்டமாய் நிறைந்திருக்கும். உடலின் எதிர்ப்பு வலியே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ரிட்லி, ஜாப்லிங் என்னும் இருவர் 1966இல் இவ்விரு முனைகளையும் இடைப்பட்ட மூன்று நிலைகளையும் சேர்த்து ஐவகையாகப் பகுத்தனர். இக்கிருமியின் மெழுகுறை, துணுக்கைப் பதப்படுத்தும் திரவங்களாற் கெடும். அது கெடாதிருக்கக் கடலையெண்ணெய் கலந்து கழுவுவதும் ஒரு முறை. கிருஷ்ணகிரிப் புன்செய்க் கடலைக்கு இப்படியும் ஒரு பெருமை! எனினும், மருந்து கொடுக்க இக்காலத்தில் இத்துணை நுட்பம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. திட்டுகள் 5க்கு மேற்படாவிடின் 6 மாதமும், மேற்படின் 12 மாதமும் கூட்டு மருந்து தரப்படுகிறது, நோய் குணமாகிறது.

நிற்க. வெண்குட்டத் துணுக்கில் நரம்பு பழுதின்றி இருக்கும்; நிறந்தரும் அணுக்களோ இரா. தேமலுக்குக் கத்தியே வேண்டா. சுரண்டிய செதிலிற் காளானிழை தெரியும்.

நுண்ணோக்கிக்கும் எட்டாதது ஒன்றுண்டு. அமெரிக்காவில் தோல் பதனிடுவோர் சிலர்க்கு, ரப்பர் கையுறையிற் கலந்த இரசாயனத்தால் கைகள் வெளுத்தமை 1939இல் வெளியாயிற்று. அத்தகைய வெண்மையின் துணுக்கும் வெண்குட்டத்தின் துணுக்கும் ஒரேவிதமாய்த் தோன்றும். ஓசூரைப் போன்ற தொழிற்சாலை நகரில், "நீர் செய்யும் வேலை யாது? கையில் அணிவது யாது?" என்று மருத்துவர் வாய்திறந்து வினவினாலன்றி இவ்வேற்றுமை வெளிப்படாது.