பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறீர்களா? பளபளப்பைப் பார்க்காதீர்கள், பழைய கதையைக் கேளுங்கள்

முட்டி வலி உள்ள அம்மா அதிகம் குனியாமல் ஏறி உட்கார வேண்டும். பின்னிருக்கையில் குழந்தையை உட்கார வைத்து வார் மாட்டும்போது நமக்கு முதுகு பிடிக்கக் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நான்கு பேரின் பைகளும் பலகார டின்களும் ஒரே தடவையில் அடங்க வேண்டும். நம் குடும்பங்கள் சிறிய ரக எஸ்.யூ.வி. பக்கம் திரும்புவதற்கு இப்படிப் பல காரணங்கள்.

புதிய வண்டியின் மாதத் தவணை கையைக் கடிக்கும் என்று தெரிந்ததும், அடுத்த யோசனை பழைய வண்டிதான். அதில் தவறே இல்லை. நல்ல பழைய வண்டி ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பழைய வண்டியில் குறைவது விலை மட்டுமே. பராமரிப்புச் செலவு குறையாது. முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதும் சேர்ந்தேதான் உங்கள் கைக்கு வருகிறது. அந்தக் கதை தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சந்தையில் என்ன கிடைக்கிறது?

மலேசியாவில் இந்த ரகத்தில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று. 2015-இல் வந்த ஹோண்டா எச்ஆர்-வி முதலாவது. அதில் 1.8 லிட்டர் இயந்திரமும் சிவிடி கியரும் இருந்தன. இரண்டாவது, 2020 அக்டோபரில் வெளியான புரோட்டோன் எக்ஸ்50. மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டர்போ இயந்திரம், ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர். மூன்றாவது, 2021 மார்ச்சில் வந்த பெரொடுவா அத்திவா. 1.0 லிட்டர் டர்போ என்பதால் தீபகற்ப மலேசியாவில் இதன் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான்.

விலை பேசும் முன் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். வெளியான நேரத்தில், விற்பனை வரி விலக்கோடு, எக்ஸ்50-இன் விலை ரகத்தைப் பொறுத்து 79,200 முதல் 103,300 வெள்ளி வரை இருந்தது. அத்திவாவின் விலை 61,500 வெள்ளியில் தொடங்கியது. விற்பவர் கேட்கும் விலையை அப்போதைய விலையோடும் இன்றைய புதிய வண்டியின் விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சில ஆயிரம் மட்டுமே என்றால் புதியதே மேல். உத்தரவாதமாவது கிடைக்கும்.

உத்தரவாதம் சாதாரண விஷயமல்ல. பெரொடுவாவும் புரோட்டோனும் புதிய வண்டிக்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. முதலில் விற்ற எக்ஸ்50 வண்டிகளுக்கு அந்த ஐந்தாண்டு முடிந்துவிட்டது. இனி கியரில் கோளாறு வந்தால் செலவு முழுக்க உங்களுடையது. ஓராண்டாவது உத்தரவாதம் மிச்சமுள்ள வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆனால் குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாத வண்டிக்கு அந்த உத்தரவாதம் செல்லாமல் போகலாம். அதையும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவணை குறைந்தால் லாபமா?

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் விற்பனையாளர் முதலில் கேட்பார். அந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது.

50,000 வெள்ளி கடன் என்று வைத்துக்கொள்வோம். கடன் தொகை முழுவதற்கும் ஆண்டுதோறும் 3.5 விழுக்காடு என்று வட்டி போடும் பழைய முறையில் கணக்கிட்டால், ஐந்து ஆண்டில் வட்டி 8,750 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 979. அதையே ஒன்பது ஆண்டுக்கு இழுத்தால் தவணை 609 வெள்ளியாகக் குறையும். மனம் குளிரும். ஆனால் வட்டி 15,750 ஆகிவிடும். கூடுதலாகப் போகும் 7,000 வெள்ளிக்கு வண்டியில் ஒரு திருகாணிகூடப் புதிதாக வருவதில்லை.

இன்னொன்று. ஐந்து வயது வண்டியை ஒன்பது ஆண்டுக் கடனில் வாங்கினால், கடன் முடியும்போது வண்டிக்குப் பதினான்கு வயது. கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் தவணையும் கட்ட வேண்டும், பட்டறைக்கும் கொடுக்க வேண்டும். வட்டியை எந்த முறையில் கணக்கிடுகிறார்கள், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள். டயர், பேட்டரி, பிரேக், எண்ணெய் மாற்றம் என்று முதல் ஆண்டிலேயே செலவு வரும். மூவாயிரம் வெள்ளியாவது தனியாக இருக்கட்டும். காப்புறுதிக்கும் ஒரு கணக்கு உண்டு. கோரிக்கை இல்லாததற்கான கழிவு, அதாவது என்சிடி, வண்டிக்குரியது அல்ல, காப்புறுதி எடுத்தவருக்குரியது. விற்பவருக்கு 55 விழுக்காடு கழிவு இருந்தாலும், முதல்முறை கார் வாங்கும் இளையவருக்குச் சுழியத்தில்தான் தொடங்கும். அவர் கட்டிய தொகையை வைத்து நீங்கள் கணக்குப் போடாதீர்கள்.

கிலோமீட்டர் சொல்வது உண்மையா?

மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அதைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். விற்பவரிடம் வாழ்க்கை முறையைக் கேளுங்கள். எங்கே வேலை, எங்கே வீடு? சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 130 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள் என்றால் ஆண்டுக்கு 34,000-க்கு மேல். அப்படி ஓடிய நான்கு வயது வண்டி 45,000 என்று காட்டினால் எங்கோ இடிக்கிறது.

சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் உள்ள பதிவைப் பார்க்க உரிமையாளர் உதவட்டும். ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோமீட்டரும் ஏறிக்கொண்டே வந்திருக்க வேண்டும். கியர் எண்ணெய் உரிய நேரத்தில் மாற்றப்பட்டதா என்பதைத் தனியாகப் பாருங்கள். சிவிடி கியரைப் பழுதுபார்ப்பது இயந்திர எண்ணெய் மாற்றுவதுபோல் நூறு இருநூறில் முடியாது.

டயரும் பேசும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மிகக் குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் வழவழவென்று தேய்ந்திருந்தாலும் அதே கேள்விதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்த காட்சியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நம்மவர்களின் வீடுகளும் வண்டிகளும் அதில் இருந்தன. இன்று நாம் தேடும் 2020, 2021-ஆம் ஆண்டு வண்டிகள் அப்போது புத்தம் புதியவை. நீர் புகுந்த வண்டியைக் கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மின்கம்பி இணைப்புகளில் துரு மெல்ல ஏறும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிடும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்து, உள்ளிருந்து வரும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னிருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, உபரி டயர் வைக்கும் குழியில் மண், கால்மிதிக்குக் கீழ் விரிப்பில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். பூசண வாடை தானாக வரும். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

நீங்கள் தாழ்வான பகுதியில் குடியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். விரிவான காப்புறுதி எடுத்தாலே வெள்ளத்துக்கும் சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அதைக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்க்க வேண்டும்.

விபத்தின் தழும்பு

சிறு உரசலுக்குச் சாயம் பூசியது குற்றமில்லை. வண்டியின் எலும்புக்கூடு அடிபட்டதா என்பதே கேள்வி. கதவு ஓரத்து ரப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த பற்றுப் புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்டமாக இருக்கும். கோணல்மாணலாக இருந்தாலோ, புதுச் சாயம் பூசி மூடியிருந்தாலோ, அங்கே வெட்டி ஒட்டியிருக்கலாம். பானட்டைத் தாங்கும் திருகாணிகளில் சாயம் பெயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும், அல்லது பொத்தானை அழுத்தியதும், காற்றுப்பை விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சியடையாதீர்கள். காற்றுப்பை இல்லாததை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இது விட்டுக்கொடுக்கும் விஷயமல்ல.

ஓட்டிப் பார்க்கும்போது

வண்டி குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் நிற்கும்போது லேசான அதிர்வு இயல்பு. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஆனால் இரட்டை கிளட்ச் கியர் உள்ள வண்டி நெரிசலில் நகரும்போது வெட்டி வெட்டி இழுத்தால், சிவிடி வண்டி மேட்டில் உறுமிக்கொண்டே முன்னேறத் தயங்கினால், பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். நேர்ச்சாலை மட்டும் போதாது. மேடு, மேடுபள்ளம், நெரிசல் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், தூக்கி வைத்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கணினியைப் பொருத்திக் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கட்டும். அதற்காகும் சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்துவது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் சம்மதிக்காவிட்டால், அதுவே உங்களுக்கான பதில்.

காகிதம் சரியாக இருக்கிறதா?

பெயர் மாற்றத்துக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பரிசோதனை வேண்டும். நாம் பொதுவாகப் புஸ்பாகோம் என்கிறோம். பெயர் மாற்றத்துக்கு பி5, வங்கிக் கடன் என்றால் பி7. இவை வண்டியின் அடையாளத்தையும் அடிப்படைப் பாதுகாப்பையும் பார்ப்பவை. கியரைக் கழற்றிப் பார்ப்பவை அல்ல. "புஸ்பாகோம் பாஸ், வண்டி சூப்பர்" என்று யாராவது சொன்னால் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரான் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். வங்கியின் உரிமைக் கோரல் இன்னும் இருந்தால், விற்பவர் கடனைத் தீர்த்த பிறகே வண்டி உங்கள் பெயருக்கு மாறும். கட்டாத சமன்கள், ஜேபிஜே தடைப் பட்டியல் ஆகியவற்றையும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

குறைந்த சம்பளம், வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றால், "சம்புங் பாயார்" வண்டி ஆசை காட்டும். இன்னொருவர் பெயரில் உள்ள கடனை நாம் தொடர்ந்து கட்டி, அவருடைய வண்டியை ஓட்டுவது அது. வங்கியின் சம்மதமில்லாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் வண்டி உங்களுடையது அல்ல. நடுவில் ஒரு நாள் வங்கி இழுத்துப் போனால் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

முன்பணம் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பத் தரப்படும், வண்டி வெள்ளத்தில் மூழ்கியதோ பெரும் விபத்தில் சிக்கியதோ அல்ல என்ற இரண்டு வரிகளை அதில் எழுதச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய வண்டியில் ஏமாற்றம் நேர்ந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். அங்கே உங்களுக்குத் துணை நிற்பது அந்த ரசீதுதான். தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி கிடையாது. ஆகவே விலை குறைவு என்று தனிநபரிடம் போகிறவர்கள் மெக்கானிக்கின் பரிசோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது.

"இன்னிக்கே முடிவு சொல்லுங்க அண்ணே, சாயங்காலம் வேற ஆளு வர்றாரு" என்பது பழைய கார் கடையில் தவறாமல் கேட்கும் வசனம். வரட்டும். ஓர் இரவு தூங்கி எழுந்து, வீட்டில் உள்ளவர்களோடு கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். அதற்குள் அந்த வண்டி விற்றுப் போயிருந்தால், அதே ரகத்தில், அதே நிறத்தில் இன்னொன்று அடுத்த வாரம் விற்பனைக்கு வரும்.