பிந்தி வரும் செய்தி வேண்டா

1996-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்திலுள்ள இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு கம்பெனி ‘குவேக்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. இருண்ட மண்டபங்களிலே ஒருவரையொருவர் துரத்திச் சுடும் அந்த ஆட்டத்தின் ரசனையைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. வெவ்வேறு ஊர்களில் தத்தம் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் 16 பேர் வரையில், ஒரே மண்டபத்தில் ஒரே க்ஷணத்தில் நிற்பதாக நம்பவைக்கும் யுக்திதான் நமக்கு விஷயம்.

இணையத்தில் எந்தச் செய்தியும் சிறு சிறு பாக்கெட்டுகளாகவே பிரயாணம் செய்கிறது. அவற்றுள் சில வழியில் தொலைவதும், பின்னே புறப்பட்டது முன்னே வந்து சேர்வதும் அங்கே சகஜம். தொலைந்ததை மீண்டும் வரவழைத்து, அனைத்தையும் அனுப்பிய வரிசையிலேயே ஒப்படைக்கும் பொறுப்பை டிசிபி என்னும் நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது; கடிதத்துக்கும் பணப் பட்டுவாடாவுக்கும் அது உத்தமமானதே. விளையாட்டிலோ, நடுவே ஒரு பாக்கெட் காணாமற் போனால், அதற்குப் பின் வந்து சேர்ந்தவையெல்லாம் பழையது மறுபடி வரும்வரையில் வாசலிலேயே காத்துக் கிடக்க நேரிடும். எதிராளி கால் விநாடிக்கு முன் எங்கே நின்றான் என்ற பழங்கதைக்காக, இப்போது எங்கே நிற்கிறான் என்ற செய்தியை நிறுத்திவைப்பது என்ன நியாயம்? ஆகையால் குவேக் யுடிபி என்னும் எளிய நெறிமுறையைக் கைக்கொண்டது. 1980-இல் வகுக்கப்பட்ட அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்க்கும் முகப்பு எட்டே பைட். அனுப்புவதோடு அதன் கடமை தீர்ந்தது, போய்ச் சேர்ந்ததா என்று அது விசாரிப்பதில்லை. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பவர், இரண்டு ஓவர் இரைச்சலில் அமுங்கிப் போனாலும், அடுத்துச் சொல்லப்படும் மொத்த ஸ்கோரைக் கேட்டதும் ஆட்டத்தின் நிலையை அறிந்துகொள்கிறார் அல்லவா? ஆட்டத்தை நடத்தும் மையக் கம்ப்யூட்டரான குவேக்கின் சர்வரும் “மூன்றடி நகர்ந்தான்” என்னாமல் “இன்ன இடத்தில் நிற்கிறான்” என்றே சொல்வதால், தொலைந்ததைப் பற்றி ஒருவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆயினும் தொலையக் கூடாத செய்திகளும் உண்டு. புதிதாக ஒருவர் ஆட்டத்தில் சேர்ந்தார், இன்னொருவர் தம் பெயரை மாற்றிக்கொண்டார் என்பன போன்றவை ஒரே முறைதான் நிகழ்கின்றன. இவற்றுக்காக, 1996 டிசம்பரில் வெளிவந்த ‘குவேக்வேர்ல்டு’ என்னும் திருத்திய பதிப்பில், குவேக்கின் ப்ரோகிராமரான ஜான் கார்மாக் செய்த ஏற்பாட்டின் சிக்கனம் என்னை எப்போதும் வியக்கவைப்பது. ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் 31 பிட்டில் அதன் வரிசை எண், ஒரு பிட்டில் ‘இதில் தொலையக் கூடாத செய்தி உண்டு’ என்ற அடையாளம். அடுத்த 31 பிட்டில் எதிர்ப்புறத்திலிருந்து கடைசியாகப் பெற்ற பாக்கெட்டின் எண், இறுதியாக மீண்டும் ஒற்றை பிட். முக்கியமான செய்தி ஒன்று வந்து சேரும்போதெல்லாம் பெறுபவர் இந்தக் கடைசி பிட்டைப் புரட்டிவிடுகிறார். அனுப்பியவர், தம்முடைய பாக்கெட் எண்ணைக் கடந்து ஒப்புதல் வந்த பிறகும் அந்த பிட் புரளாதிருக்கக் கண்டால், செய்தி தொலைந்தது என்று நிச்சயித்துத் திரும்ப அனுப்புகிறார். ஒரு சமயத்தில் இத்தகைய ஒரு செய்தியே பிரயாணத்தில் இருக்கலாம் என்ற நியமத்தினால்தான், ஒரே பிட்டைக் கொண்டு இவ்வளவும் சாத்தியமாகிறது.

இந்த முகப்பிலே ஆட்டக்காரர் பக்கமிருந்து இன்னும் ஒரு 16 பிட் எண்ணும் செல்கிறது. பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர்களில் சில, ஆட்டத்தின் நடுவிலேயே, முகவரியோடு சேர்ந்து வரும் போர்ட் எண்ணை மாற்றிவிடும் துர்க்குணம் உடையவை. அப்பொழுது பழகிய ஆட்டக்காரரே சர்வருக்கு அந்நியராகத் தோன்றுவார். முகவரியும் இந்த எண்ணும் ஒத்திருந்தால் ஆள் அவரேதான் என்று கொண்டு, புதிய போர்ட்டைக் குறித்துக்கொண்டு சர்வர் மேலே செல்கிறது.

இனித் தாமதம். முதற் பதிப்பில், விசையை அழுத்தியதும் அச்செய்தி சர்வருக்குப் போய், பதில் திரும்பிய பின்னரே காட்சி நகரும். மோடம் வழியே ஆடியவர்களுக்கு இது பனிக்கட்டியின்மேல் வழுக்குவதாகவே இருந்தது. தம் வீட்டில் அதிவேக இணைப்பு இருந்தபடியால் மோடம்வாசிகளின் அவஸ்தை தமக்குப் பழக்கமில்லை என்று கார்மாக்கே பின்னர் ஒப்புக்கொண்டார். குவேக்வேர்ல்டில் ஆட்டக்காரரின் யந்திரம் பதிலுக்குக் காத்திராமல், சர்வர் என்ன சொல்லும் என்பதை அனுமானித்துத் தானே நகர்த்திவிடுகிறது. தான் அனுப்பிய கட்டளைகளையும் அது நினைவில் வைத்திருக்கும். சர்வரிடமிருந்து உண்மை நிலை வந்ததும், அங்கிருந்து தொடங்கி, இன்னும் ஒப்புதல் கிடைக்காத கட்டளைகளை மறுபடி நடத்திப் பார்த்துத் தன் ஸ்தானத்தைத் திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் புதிய கட்டளையோடு முந்திய இரண்டும் சேர்ந்தே போவதால், ஓரிரண்டு தொலைந்தாலும் நடை தடைப்படாது.

தன் நடையை இவ்வாறு அனுமானிக்கலாம். பிறர் நடையை அப்படி அனுமானிக்க இயலாது. ஆதலின் திரையில் தெரியும் எதிராளி எப்போதும் சற்றுப் பழையவனே, அவனுக்கு முன்னே குறி வைத்தாலன்றிக் குண்டு படாது. வால்வ் கம்பெனியின் யான் பெர்னியர் 2001-இல் விவரித்த முறைப்படி, ஹாஃப்-லைஃப் விளையாட்டின் சர்வர், சுட்டவர் எந்தக் காட்சியைக் கண்டு சுட்டாரோ அந்தக் கணத்துக்கு மற்றவர்களைப் பின்னோக்கி நகர்த்தி, குண்டு பட்டதா என்று தீர்மானிக்கிறது. இதனால் சுட்டவருக்கு நியாயம் கிடைக்கிறது. தம் திரையில் சுவருக்குப் பின் பத்திரமாக மறைந்துகொண்டவரோ, மறைந்த பிறகும் குண்டடிபட்டு வீழ்கிறார்.