ஈயம் இல்லாத சோலார் செல்: கற்கண்டு சொல்லித் தரும் பாடம்!

மொட்டை மாடிகளில் சோலார் பேனல் பார்த்திருப்பீங்க. அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான். அதற்குப் போட்டியாக வந்திருக்கும் பொருள்தான் பெரோவ்ஸ்கைட். மை மாதிரி ஒரு திரவத்தைக் கண்ணாடியில் பூசி, லேசாகச் சூடாக்கினால் ஒளியை உறிஞ்சும் படலம் ரெடி! 2009-ல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் செல், தன்மேல் விழுந்த ஒளியில் 3.8 சதவிகிதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று அது 26 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது.

சூப்பர்தான். ஆனா, அதில் ஈயம் இருக்கு. அதுவும் தண்ணீரில் கரையும் வடிவத்தில். பேனல் உடைந்தால் மழைநீரோடு மண்ணுக்குள் போகலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் அது.

மாற்று என்ன? வெள்ளீயம். ஆமாங்க, பாட்டி ரசம் வைக்கும் 'ஈயச்சொம்பு' செய்யும் அதே உலோகம்தான். 2014-ல் வந்த முதல் வெள்ளீய செல்கள் 6 சதவிகிதத்தை ஒட்டியே இருந்தன. இப்போது 15-ஐத் தாண்டியாச்சு. காரணம், படலத்தின் தரம் கூடியதுதான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் படலத்தில் சிக்கல்கள் ரெண்டு.

அவசரம்: பாகை மெதுவா ஆறவிட்டால்தான் பெரிய கற்கண்டு கிடைக்கும். வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டோ சட்டென்று படிகமாகி, நடுநடுவே ஓட்டை விட்டுவிடும். அந்த வழியே மின்சாரம் கசியும். அதனால, வெள்ளீயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரைப்பானைச் சேர்த்து வேகத்தைக் குறைக்கிறார்கள். பிறகு, சுழலும் கண்ணாடி மீது வேறொரு திரவத்தைச் சொட்டுவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் படிகம் முளைத்து, படலம் சீராகும்.

காற்று: நறுக்கிய வாழைக்காய் காற்று பட்டால் கறுக்குமில்லையா? அதேபோல ஆக்சிஜன் பட்டால் வெள்ளீயம் எலெக்ட்ரான்களை இழந்து, படலம் கெட்டுவிடும். வாழைக்காயைத் தண்ணீரில் போடுகிறோம். இவர்கள் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துத்தான் செல்லையே செய்கிறார்கள். போதாததுக்கு, கொஞ்சம் வெள்ளீய ஃபுளோரைடும் சேர்ப்பார்கள். படலத்தில் குறையும் வெள்ளீயத்தை அது ஈடுகட்டும்.

இத்தனை செய்தும், சிலிக்கான் பேனல் மாதிரி 25 வருஷம் வெயிலில் தாங்குமளவுக்கு இது இன்னும் வளரவில்லை. அதனால, 'புது சோலார் செல் சாதனை'னு அடுத்த தடவை நியூஸ் பார்த்தா, சதவிகிதத்தோடு நிறுத்திடாதீங்க. ஈயம் இருக்கா, எவ்வளவு நாள் தாங்கும்னு ரெண்டு கேள்வியும் கேளுங்க!