தொப்பூர் இறக்கத்தில் ஒரு கணக்கு

சங்ககிரியில் என் மாமாவிடம் இரண்டு லாரி இருக்கிறது. இரண்டுமே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை, இரண்டுக்கும் நேஷனல் பர்மிட். போன மாதம் அவரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் முன்னால் சத்தமே இல்லாமல் ஒரு குட்டி யானை போனது. பச்சை நம்பர் பிளேட், அதில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு ஓடும் மின்சார வண்டிக்கு அதுதான் அடையாளம்.

"இது சரி மாப்ள. கடை கடையா சரக்கு எறக்கறதுக்கு ஆகும். 55 டன் டிரெய்லருக்கு ஆகுமா? இழுக்குமா அது?"

இழுக்குமா என்று கேட்காத லாரிக்காரரை நான் பார்த்ததில்லை. இழுக்கும், சந்தேகமே வேண்டாம். டீசல் இன்ஜினுக்கு ஓரளவு சுற்று ஏறினால்தான் இழுவை வரும், அதற்காகத்தான் அத்தனை கியர். மோட்டாருக்கு அப்படியில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே முழு இழுவையும் கொடுத்துவிடும். இன்னொன்று, ஒரு லிட்டர் டீசலுக்குள் கிட்டத்தட்ட 10 யூனிட் சக்தி இருக்கிறது. நல்ல இன்ஜினாக இருந்தாலும் அதில் 4 யூனிட்தான் சக்கரத்துக்குப் போகும். மீதி 6 ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். மோட்டாரில் பத்துக்கு ஒன்பது பக்கம் சக்கரத்துக்கு வந்து சேரும். முழு லோடில் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கும் டிரெய்லர், கரண்டில் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

"மாமா, தொப்பூர்ல எறங்கறப்ப என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய் எத்தனை லாரியைச் சாய்த்திருக்கிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறங்குவார்கள். முழுப் பாரமும் பிரேக் மேல் வந்து விழும். டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. அப்புறம் முன்னால் போகிற வண்டிகளின் தலையெழுத்து.

மின்சார லாரிக்கு அந்த இறக்கம் ஒரு வரவு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே பேட்டரிக்குக் கரண்டு ஏற்றும். 55 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், கணக்குப்படி 15 யூனிட் சக்தி வெளியே வரவேண்டும். அதில் பாதியைப் பிடித்தாலே 5 கிலோமீட்டர் ஓட்டம். நியூட்ரலில் இறங்கினால் இதில் நஷ்டம்தான், ஆகவே டிரைவருக்கும் அந்த ஆசை வராது. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: மலை உச்சியிலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் பிடிக்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் பீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலையின் கல் குவாரி இருக்கிறது. குவாரி மேலே, ஆலை கீழே. அங்கே ஒரு பெரிய டம்பரின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு 600 யூனிட் பேட்டரி வைத்தார்கள். பேட்டரி மட்டும் நாலரை டன். காலியாக மேலே ஏறும், 65 டன் கல்லோடு கீழே இறங்கும். ஏறும்போது செலவானதை இறங்கும்போது மீட்டுவிடுவதால், அதைச் சார்ஜரில் போடும் தேவை ஏறக்குறைய இல்லாமலே போனது. இதைச் சொன்னதும் மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "நம்மூர்ல குவாரி எல்லாம் பள்ளத்துலல்ல இருக்குது?" என்றார். நியாயமான கேள்வி.

இறக்கம் என்றதும் இன்னொரு கதை. அமெரிக்காவின் நிகோலா நிறுவனம் 2018இல் தன் லாரி ஓடுவதாக ஒரு வீடியோ போட்டது. அது தன் சக்தியில் ஓடவில்லை, மேட்டின் மேலிருந்து உருட்டிவிட்டிருந்தார்கள். 2020இல் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. நிறுவனரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவால். அவர்கள் நம்பியிருந்தது ஹைட்ரஜனை. கரண்டைச் செலவழித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை அமுக்கி வைத்து, திரும்ப வண்டிக்குள் கரண்டாக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வேறு வழியில்லாத நீண்ட தூரத்துக்கு அது பயன்படலாம். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

"புகையே வராதா?" என்றார்.

ரோட்டில் வராது. மொத்த வண்டிகளில் நூற்றுக்கு மூன்றுதான் டீசல் லாரி, ஆனால் போக்குவரத்து வெளியிடும் பசுமைக்குடில் வாயுவில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது என்பது மத்திய அரசு சொல்லும் கணக்கு. ஆனால் பூஜ்ஜியம் என்ற சொல்லை அப்படியே விழுங்க வேண்டாம். நம் கரண்டில் பெரும்பங்கு நிலக்கரி. ஒரு யூனிட்டுக்கு நாட்டின் சராசரி சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஒன்றரை யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தொட்டுவிடும். டீசல் லாரியும் கிலோமீட்டருக்கு 900 கிராம்தான் விடுகிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் செலவைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் என்னவென்றால், டீசல் லாரி பழசாகப் பழசாகப் புகை கூடும். மின்சார லாரி காற்றாலையிலும் கூரை சோலாரிலும் சார்ஜ் ஏற ஏறச் சுத்தமாகும். பள்ளிக்கூட வாசலில் கரும்புகை இல்லை என்பது முதல் நாளே கிடைத்துவிடும் லாபம்.

அப்புறம் பாரம். 300 யூனிட் பேட்டரி என்றால் எடை மட்டும் ஏறத்தாழ 2 டன். முழு லோடில் ஓட்டம் 200 கிலோமீட்டர். நல்ல சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். பேட்டரி அடைக்கும் எடையை ஈடுகட்ட ஐரோப்பாவில் இத்தகைய லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதல் எடை அனுமதிக்கிறார்கள்.

இத்தனை நேரமும் மாமா காத்திருந்தது காசுக் கணக்குக்கு. கடைக்காரரிடம் பேனா வாங்கி பேப்பர் ஓரத்தில் எழுதினேன். டீசல் டிரெய்லர் வண்டி 45 லட்சம், மின்சார வண்டி ஒன்றேகால் கோடி என்று தோராயமாக வைத்தேன். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் அறிவித்த மானியம் ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம். அதைக் கழித்தால் கூடுதல் விலை 70 லட்சம். 12 சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணை என்றால் அந்த 70 லட்சத்துக்கு மட்டும் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் டியூ. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் டீசல் செலவு 3 லட்சத்துச் சொச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் கரண்டுக்கு ஒன்றரை லட்சம். மிச்சம் ஒன்றரை. ஆக, சரிக்குச் சரி.

"10,000 எங்கிட்டு ஓடறது? 6,000 ஓடுனாலே பெரிசு."

6,000 என்றால் மாதம் அறுபதாயிரம் கையைக் கடிக்கும். வண்டி நின்றால் டீசலுக்குச் செலவு இல்லை. மின்சார வண்டிக்கு நின்றாலும் டியூ நிற்காது. சிமென்ட் ஆலைக்கும் ரயில் சைடிங்குக்கும் நடுவில், துறைமுகத்துக்கும் யார்டுக்கும் நடுவில், ராத்திரி பகல் ஒரே தடத்தில் ஓடும் வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். அங்கே சார்ஜரை எங்கே நடுவது என்பதிலும் குழப்பம் இல்லை. ஆனால் அந்தத் தடங்களின் ஒப்பந்தம் ஆயிரம் வண்டி வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத்தான் போகும். ஒன்றிரண்டு லாரிக்காரர்களுக்கு மிச்சமிருப்பது மார்க்கெட் லோடு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு. ரிட்டர்ன் என்ன என்று கேட்டேன். "அங்க போய் நிப்பாட்டுனாத்தான் தெரியும்." அவருடைய தொழிலே அந்த ஒரு வரிதான். எந்த ஊருக்குத் திரும்புவோம் என்று தெரியாதவருக்கு எங்கே சார்ஜர் நட்டுக் கொடுப்பது?

மானியத்துக்கு நிபந்தனையும் உண்டு. பழைய லாரி ஒன்றை ஸ்கிராப்புக்குப் போட்டதற்கான சான்று வேண்டும். பேட்டரிக்கு வாரண்டி 5 வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. மாமா பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மாதம் 10,000 ஓடினால்தானே டியூ கட்டமுடியும்? அப்படி ஓடினால் 50 மாதத்தில் 5 லட்சம் முடிந்துவிடும். டியூ 60 மாதம். கடைசி பத்து டியூ வாரண்டி இல்லாத வண்டிக்கு.

இதை எந்த அறிக்கையிலும் நான் படித்திருக்கவில்லை. வாரண்டி முடிந்த மின்சார வண்டிக்கு யார் கடன் கொடுப்பார்? தமிழ்நாட்டு லாரித் தொழில் வளர்ந்ததே பழைய வண்டிக்குக் கடன் கிடைத்ததால்தான். 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் அதை வைத்தே பெரிய நிறுவனமானது. பழைய இன்ஜினை ஒரு மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே விலை சொல்லிவிடுவார். பேட்டரிக்குக் காது வைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது. இதற்குச் சீனாவில் ஒரு வழி இருக்கிறது. அங்கே 2025இன் முதல் பாதியில் விற்ற புதிய கனரக லாரிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சார லாரி. அங்கே பல லாரிகளைப் பேட்டரி இல்லாமல் வாங்கலாம். பேட்டரி வேறு கம்பெனியுடையது, ஐந்து நிமிஷத்தில் கழற்றி மாற்றிக்கொண்டு மாத வாடகை கட்டலாம் என்று சொன்னேன்.

"அப்ப வண்டி வெலை டீசல் வண்டி கிட்டத்துல வந்துருமா?"

"வரும்ங்க மாமா."

"இந்தூர் ரோட்ல அந்த மாத்தற எடம் எத்தனை இருக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் வந்துவிட்டார். பின் டயர் ஒன்று மாற்றாமல் இந்தூர் போக முடியாதாம். மாமா டீக்குக் காசு கொடுத்துவிட்டு, பேப்பர் ஓரத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.