அசதிக்குக் காரணம் கேளுங்கள்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பிளேஸில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். பள்ளி ஆசிரியை. போன பூஜை விடுமுறையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துக் காட்டினார். டானிக் பாட்டில் மூன்று, பாதி தீர்ந்த புரோட்டீன் பவுடர் டப்பா, ஞாபகசக்திக்கு என்று ஆன்லைனில் வரவழைத்த கேப்ஸ்யூல், அஸ்வகந்தா மாத்திரை, முடி கொட்டாமலிருக்கப் பயோட்டின். மூன்று வருஷத்துச் செலவு அத்தனையும் மேசைமேல் கிடந்தது. "எல்லாம் சாப்பிட்டாச்சு. ஆனா மாடி ஏறினா மூச்சு வாங்கறது. கரும்பலகையில பாதி எழுதிட்டுத் திரும்பினா என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோறது. இன்னும் என்னதான் வாங்கணும், சொல்லுங்கோ" என்றார்.

இந்த மூன்று வருஷத்தில் அவருக்கு விற்றவர்கள் பலர். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கரியாஹாட் பக்கம் எந்த மருந்துக்கடைக்கும் போய் "ஷொரீர்டா துர்பொல் லாக்ச்சே" (உடம்பு பலவீனமாக இருக்கிறது) என்று சொல்லிப்பாருங்கள், ஒரு டானிக் பாட்டில் மேசைக்கு வந்துவிடும். நம் ஊரில் அதே வேலையைச் சத்து ஊசியும் குளுக்கோஸ் ஏற்றுவதும் செய்கின்றன. அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு மூன்று டம்ளர் காப்பிக்குப் போடுகிற அளவுதான். அதற்காகக் கையில் ஊசி குத்தி ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை.

வாரக்கணக்கில் விடாத அசதியும், தலைக்குள் பஞ்சடைத்த மாதிரியான மந்தமும் தனி நோயாகவும் இருக்கலாம், வேறு நோயின் நிழலாகவும் இருக்கலாம். மருந்தில்லாமல் சமாளிக்க நினைப்பது நல்ல எண்ணம்தான். அதற்கு முதல் படி, இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது. நம் நாட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மேற்கு வங்கத்தில் அது 71 சதவீதத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

வங்காளத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ரத்தம் குறைவு என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. தலசீமியா மரபணுவையும் ஹீமோகுளோபின்-ஈ என்ற மாற்றத்தையும் சுமப்பவர்கள் இந்தப் பகுதியில் அதிகம். இவர்களுக்கும் ரத்த அணுக்கள் சிறுத்துத்தான் தெரியும், ஆனால் பலருக்கு உடம்பில் இரும்பு போதுமான அளவு இருக்கும். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும், ஹீமோகுளோபின் வகையைக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டானிக் குடித்து அதை மூடி மறைப்பது ஆபத்து.

அடுத்தது பி-12 வைட்டமின் குறைவு. லேக் மார்க்கெட்டையும் பாலிகஞ்ச்சையும் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேராவது சைவம் என்பது என் கணிப்பு. இந்தச் சத்து காய்கறியில் கிடையாது. சைவர்களுக்குப் பால், தயிர் வழியாக வருவதுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் வகை மாத்திரையும் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் உடம்பில் சரியாகச் சேராது. மறதி, பாதத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம் என்று கொண்டுபோய்விடும். ரொம்ப நாள் விட்டால் நரம்பில் வந்த சேதம் முழுக்கத் திரும்பாது. தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் எல்லாமும் இதே முகத்தோடு வரும். பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாகக் காட்டக்கூடும். ரத்தம் எடுக்கும் முன் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பரிசோதித்துப் பார்த்தபோது மாமிக்கு ஹீமோகுளோபின் ஒன்பதைத் தொடவில்லை. பி-12 அடிமட்டத்தில். எட்டு வருஷமாக மெட்ஃபார்மின். மாதவிடாயில் போகும் ரத்தத்தைப் பற்றி அவரும் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. சிகிச்சையோடு அவர் வீட்டில் மாற்றியது காப்பிப் பழக்கத்தை மட்டும்தான்: சாப்பிட்ட கையோடு குடிக்கும் ஃபில்டர் காப்பியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். காப்பியும் டீயும் உணவிலுள்ள இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ள விடாது. கீரையோடு பிழியும் எலுமிச்சை அதற்கு உதவும். சாயங்காலக் காப்பியையும் நிறுத்திவிட்டார். அதிலுள்ள காஃபின் உடம்பில் பாதி கரைவதற்கே ஐந்து மணி நேரம்போல ஆகும், தூக்கத்தைத் தின்னும்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் அசதி போகாதவர்கள் இருக்கிறார்கள். கோவிட் அல்லது வேறொரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆகிறது. இவர்களில் சிலருக்கு இருப்பது நாட்பட்ட சோர்வு நோய். இதை மருத்துவர்கள் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று எழுதுவார்கள். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் உட்பட முந்நூறு பேர்வரை இப்படி விழுந்தார்கள். 1970இல் இரண்டு மருத்துவர்கள் அதைக் கூட்டு மனக்கோளாறு என்று எழுதிவிட, நோயாளிகள் பல பத்தாண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். உண்மையான உடல்நோய் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் நிபுணர் குழு 2015இல் தெளிவாக அறிவித்தது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, இவற்றுக்கு மேல் ஒரு முக்கிய அடையாளம்: சின்ன உழைப்புக்குப் பிறகு, பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, உடம்பும் மூளையும் சேர்ந்து சரிந்துவிடுவது.

இவர்களிடம்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம். ரவீந்திர சரோவர் ஏரியைக் காலையில் சுற்றிவரும் நல்ல மனிதர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை, "தினம் கொஞ்சம் கூட்டி நடங்க, சரியாயிடும்" என்பது. மற்றவர்களுக்கு அது நல்ல யோசனை. இவர்களுக்கு அது உடம்பைக் கெடுக்கும். படிப்படியாக உழைப்பைக் கூட்டும் பயிற்சியை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டுதலையே திருத்தியது. குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. இருப்பது உடம்பின் சக்தியை அளவாகச் செலவழிக்கும் முறை. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு சின்ன நோட்டில் காலை, மதியம், இரவு என மூன்று கோடு போட்டு எழுதுகிறார். உட்கார்ந்தே குளிக்கிறார், உட்கார்ந்தே காய் நறுக்குகிறார், அலுவலக ஃபோனில் கால் மணி நேரம் பேசினால் அடுத்த கால் மணி நேரம் இருட்டறையில் படுக்கிறார். நன்றாக இருக்கும் நாளில் மிச்ச வேலையெல்லாம் முடித்துவிட ஆசை வரும். அந்த நாளில்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். ஏரிக்கரையில் முதல் பெஞ்சோடு திரும்பிவிடுவது அவருக்கு வெற்றி.

இனி விற்பவர்களைப் பற்றி. 'நரம்புத் தளர்ச்சி நீங்கும்' என்ற விளம்பரம் நம் ஊர்ச் சுவர்களில் எத்தனை பார்த்திருக்கிறோம்! 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் அந்த நோய் பெயரோடு இருக்கிறது. அதைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம்வரை சிறை உண்டு. புரோட்டீன் பவுடர், சத்துக் கேப்ஸ்யூல் எல்லாம் சட்டத்தின் கண்ணில் உணவுப்பொருள்தான். சத்துக் கேப்ஸ்யூல் டப்பாவில் மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற வாசகமும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்க வேண்டாம் என்று மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. மூலிகை என்பதால் தீங்கில்லை என்றும் நம்பிவிடாதீர்கள். ஆன்லைனில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். விழிப்பு மாத்திரை என்று மாணவர்களிடையே புழங்கும் மோடாஃபினில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து.

ஏமாந்துவிட்டால் ரசீது, டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. மேற்கு வங்கத்துத் தனியார் மருத்துவமனையோ கிளினிக்கோ பில்லிலோ சேவையிலோ அநியாயம் செய்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாநில மருத்துவ நிறுவன ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும், பரிசோதனையை எங்கே எடுப்பது என்று முடிவு செய்வதும் உங்கள் உரிமை.

வேலையிடத்தில்தான் பாதுகாப்பு குறைவு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 நிலைகளில் நாட்பட்ட சோர்வு நோயின் பெயர் இல்லை. சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வருஷத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். மனம் தளர்ந்துபோனால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

நெஞ்சுவலி, கறுத்த மலம், காரணமில்லாமல் இளைப்பது, ராத்திரிக் காய்ச்சல், திடீர்க் குழப்பம், ஒரு பக்கக் கை கால் தளர்வது இவற்றில் எது வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்கள் அடுத்த டப்பாவை வாங்குவதற்கு முன், எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு கூடுகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரே தாளில் எழுதி ஒரு பொது மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் அசந்து படுத்திருப்பவர் ஒருவர் இருந்தால், அவருக்காக அந்தத் தாளை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.