மதில் எழுப்பினால் வெள்ளம் நிற்குமா?

பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். அப்படியிருந்தும் ஒரு மணி நேரம் ஓங்கிப் பெய்தால் ஈஜிபுரா, கோரமங்களாவின் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் தண்ணீர்! 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கத்துப் பங்களாவாசிகளே டிராக்டர் ஏறி வெளியேறினார்கள். ராஜகால்வாய் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் பலருக்கு நினைவு வந்தது. கால்வாய் ஓரத்துச் சிறு வீடுகளில் இருப்போருக்கு (நம்மவர்களும் அதில் ஏராளம்) அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

மேட்டில் பெய்த மழை ஓர் ஏரியை நிரப்பி, கோடி வழிந்து, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள் முன்னோர். தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆயிற்று. ஏரி போனாலும் பள்ளம் பள்ளந்தானே!

கால்வாய்க்கு கான்கிரீட் மதில் கட்டுவதே நெடுங்காலமாக வைத்தியமாக இருந்தது. மதிலுக்குள் தண்ணீர் மண்ணில் ஊறாது, தயங்காது. ஓடிப்போய் அடுத்த பேட்டையில் ஏறும். மேல்தெருவின் நிம்மதி கீழ்த்தெருவின் துன்பம்.

மெஜஸ்டிக் அருகே தொடங்கிச் சாந்திநகர் வழியாகப் பெல்லந்தூர் நோக்கிச் செல்லும் கால்வாயில், 2021-இல் 'கே-100' என்ற சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. சாக்கடையைத் தனிக் குழாய்க்குத் திருப்புவது, கரையில் செடி வளர்ப்பது, நடைபாதை அமைப்பது ஆகியவை திட்டம். சாக்கடையைப் பிரித்ததே முக்கியம். கழிவும் குப்பையும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால் மழைநீர் எங்கே போகும்?

ஆனால் கரையில் பூச்செடி வைத்தால் மட்டும் வெள்ளம் வடியாது. மேட்டிலுள்ள பூங்காக்களும் மைதானங்களும் மழையைச் சற்று நேரம் தாங்கி, உறிஞ்ச வேண்டும். பூங்காவை ரோட்டைவிட உயர்த்திச் சுற்றிலும் சுவர் வைத்தால் தெருத் தண்ணீர் எப்படி உள்ளே நுழையும்? ஏரிகளிலும் இதே சங்கடம். அழகுக்காக எந்நாளும் ததும்ப வைத்த ஏரியில் புயல் மழைக்கு இடமிராது. மதகு இருந்து, மழைக்கு முன்பே நீரைக் குறைத்தால்தான் பயன்.

இடம் விடுவதுதான் கஷ்டம். ஏரிக்கரையைச் சுற்றி 75 மீட்டர் காலியிடம் வேண்டுமென 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2019-இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. ஆக்கிரமிப்பை அகற்றும்போது குடிசைக்கு ஒரு நியாயம், மாளிகைக்கு ஒரு நியாயம் என்றாகிவிடக் கூடாது. குடிசைவாசிக்கு மாற்று வீடு கையில் கிடைத்த பிறகே இடிக்க வேண்டும்.

இந்தக் கால்வாய் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேருகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மழைநாளில் வெள்ளை நுரை பொங்கியதைப் பார்த்தவர்களுக்கு, பெங்களூர்ச் சாக்கடை எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரியும்.