பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை

பள்ளிக்கூட வாசல் – 9

சென்ற வாரம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பார்த்தோம். அந்தப் பரீட்சை முடிந்து, புதிய பாடசாலையில் தரம் 6இல் கால் வைக்கும் பிள்ளையை இந்த வாரம் பார்ப்போம்.

பதினொரு வயது. பழைய கூட்டாளிகள் ஆளுக்கொரு பாடசாலைக்குப் போயிருப்பார்கள். ஒரே ஆசிரியையின் நிழலில் படித்த பிள்ளைக்கு இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கொழும்பில் இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, கொட்டாஞ்சேனையிலேயே தலைமுறையாக வாழும் பிள்ளை, மலையகத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்று எல்லோரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் பழித்துக் காட்டுவதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. ஆசிரியரிடம் சொன்னால் கோள்மூட்டி என்ற பட்டம் வரும். அம்மாவிடம் சொன்னால் அவர் மறுநாளே பாடசாலைக்கு வந்துவிடுவார். ஆகவே பிள்ளை வாய் திறக்காது. திறந்தால், இரண்டு மூன்று வயது மூத்த ஓர் அண்ணாவிடமோ அக்காவிடமோதான்.

மூத்த மாணவரின் இந்தப் பலம் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்கு அடுத்த இடம் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளைக்கு. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைத் தொடங்கச் சொன்னார். ஆசிரியர்களால் முடியவில்லை. ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த முறையை 1797இல் பெல் இலண்டனில் நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' உலகெங்கும் பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் அதிகாரமும் இருந்தது. இன்றைய மாணவத் தலைவரின் சின்னத்திலும் அதன் மிச்சம் இருக்கிறது. பிந்தி வருபவரின் பெயரை எழுதும் மாணவனிடம், தான் ஏன் பிந்தினேன் என்பதை எந்தச் சின்னப் பிள்ளை மனம் விட்டுச் சொல்லும்? அதனால், சின்னப் பிள்ளைகளின் கஷ்டத்தைக் கேட்பதற்கென்று பாடசாலை தெரிவு செய்யும் மூத்த மாணவர், அதாவது வழித்துணை மாணவர் வேறு, மாணவத் தலைவர் வேறு. வழித்துணை மாணவருக்குப் பெயர் எழுதும் கொப்பி கூடாது. அதிகப் புள்ளி எடுத்தவரையே தெரிவு செய்யவும் வேண்டாம். இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று கவனித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

வழித்துணை மாணவருக்கான பயிற்சியில் முதற்பாடம் கேட்பது. இருவர் எதிரெதிரே அமர வேண்டும். ஒருவர் மூன்று நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல், புத்தி சொல்லாமல், "எனக்கும் அப்படித்தான்" என்று தன் கதையைத் தொடங்காமல் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கே கடினமான வேலை இது.

இரண்டாவது பாடம் இதைவிட முக்கியம். அதை நடித்துப் பழக வேண்டும்.

"அக்கா, ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"சத்தியம் பண்ண ஏலாது தங்கச்சி. உனக்கு ஆபத்து எண்டால் டீச்சரிட்டச் சொல்லத்தான் வேணும். ஆனா தனிய விட மாட்டன், நானும் கூட வருவன்."

அடி, பாலியல் தொல்லை, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை காதில் விழுந்தால் அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் சேர்க்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை அந்தச் சுமையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வழித்துணை மாணவர்கள் தாம் கேட்டதைச் சொல்வதற்கு ஓர் ஆலோசனை ஆசிரியர் வாரந்தோறும் அவர்களோடு அமராவிட்டால், இந்தத் திட்டத்தைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

2025 மே மாதத்தில் ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டு மக்கள் கொழும்பு வீதியில் இறங்கியதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: மூத்த மாணவர் எவரும் பெரியவர்களின் கடமைக்கு மாற்றாக மாட்டார்கள். பிள்ளை சொன்னதை மாணவர் கொண்டுவந்து தரும்போது, மூடி மறைக்காமல் நடவடிக்கை எடுக்கும் அதிபர் அங்கே இருக்க வேண்டும்.

பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளைக்கு ஒரு கஷ்டமென்றால் இந்தப் பாடசாலையில் யாரிடம் போக வேண்டும்?" பெயர் சொல்லிப் பதில் வரும்வரை எழுந்து வராதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் பிள்ளைக்குப் பாடமாக்கிக் கொடுங்கள்.